உண்ணிக்குப் பயந்த கொல்லை

ஆர்டித் பர்செல் வீட்டுக் கொல்லைக்கு இந்த வருஷம் சிட்டு வரவில்லை என்பதை ஆர்டித் ஒத்துக்கொள்வதற்கு முன்னாலேயே சர்ச் தெரு கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடிக்கப் பெரிய மூளை ஒன்றும் வேண்டியதில்லை. பக்கத்து வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தால் போதும். சிட்டுக்கென்று வரிசையாகத் தொங்கும் சிவப்புப் புட்டிகளில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய மட்டத்திலேயே அசையாமல் நிற்கும். எறும்புகூட ஏறவில்லை. மற்ற வருஷங்களில் ஆர்டித்துக்குச் சர்க்கரை காய்ச்சிக் கை ஓயாது. காலையில் ஊற்றியது மத்தியானம் காலியாகிவிடும். அந்தரத்தில் நின்றபடியே பூவில் தேன் உறிஞ்சும் ரீங்காரச் சிட்டு கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். கழுத்தில் மாதுளை முத்துப் பதித்த மாதிரி ஒரு சிவப்பு. ஆனால் ஒரு புட்டிக்கு இரண்டு வந்துவிட்டால் சேவற்சண்டை தோற்றுப்போகும். அந்த இரைச்சலில் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு டெலிவிஷன் பார்க்க முடியாது என்று அவள் புருஷன் வெர்லின் குறைப்பட்டுக்கொண்ட காலமெல்லாம் உண்டு.

மிசூரி மாநிலத்தின் தெற்கில் ஓசார்க் மலைமடிப்பில் கோல்டர்ஸ் மில் என்று ஓர் ஊர். ஒரே ஒரு சிக்னல் விளக்கு, அதுவும் மஞ்சளிலேயே மினுக்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஆளுக்கொரு பெருமை இல்லாவிட்டால் பொழுது எப்படிப் போகும்? போதகர் மனைவிக்குப் பீச் பழப் பணியாரம். பக்கத்து வீட்டு நெல்டா ஸ்ட்ரூப்புக்கு வாய். வெர்லினுக்குப் புகைக்கறி, கழித்துப்போட்ட எரிவாயு உருளையைத் தானே அறுத்து ஒட்டவைத்துச் செய்த புகையடுப்பில் முழு மாட்டுநெஞ்சை ராப்பகலாக வாட்டி எடுப்பான், தெரு முழுக்க மணக்கும். ஆர்டித்துக்குச் சிட்டு. ஆகஸ்ட் மாதம் முதல் சனிக்கிழமை, குஞ்சுகளும் தாய்களுமாகச் சிட்டுக் கூட்டம் பெருகி நிற்கும் நேரம் பார்த்து, பாப்டிஸ்ட் சபைப் பெண்கள் அவள் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐஸ் போட்ட தேநீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். சிட்டுச் சனிக்கிழமை என்றே அதற்குப் பெயர். ஈஸ்டருக்குச் சபைக்கு வராதவள்கூட அதற்கு வருவாள்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெருமையில் வெர்லினுடையதுதான் முதலில் போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதம், முதுகில் வெள்ளைப் புள்ளி வைத்த ஓர் உண்ணி அவன் முழங்காலுக்குப் பின்னால் கடித்தது. உண்ணிக் கடி இந்த மலையில் ஒரு விசேஷமா? பிடுங்கி எறிந்துவிட்டுப் போனான். ஒரு மாதம் கழித்துத் தீயணைப்பு நிலையத்து விருந்தில் இரண்டு ஹாம்பர்கர் சாப்பிட்டான். வீட்டுக்கு வந்து படுத்தவனுக்கு உடம்பெல்லாம் தடித்து, நாக்கு வீங்கி, மூச்சு அடைத்துக்கொண்டது. அந்த உண்ணி கடித்தால் மாடு, பன்றி, ஆடு எதையும் உடம்பு ஏற்காது என்று டாக்டர் சொன்னபோது வெர்லின், "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டான். அதற்கு டாக்டருக்கே பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து புகையடுப்பு தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, பின்வாசல் சிமெண்ட் தளத்தில் துக்க வீட்டுப் பியானோ மாதிரி நிற்கிறது. வெர்லின் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான்.

ஜூலை நடுவாக்கில், புழுங்கித் தள்ளிய ஒரு காலை. இடி மட்டும் மேற்கே உறுமிவிட்டு மழை அடுத்த ஜில்லாவுக்குப் போய்விட்டது. ஆர்டித் நேற்றைய சர்க்கரைத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் கொட்டினாள். யாரும் வாய் வைக்காத தண்ணீர், வெயிலில் கலங்கிப்போயிருந்தது. ஒரு கோப்பைச் சர்க்கரைக்கு நாலு கோப்பைத் தண்ணீர் என்று புதிதாக அடுப்பில் ஏற்றினாள்.

"வெர்லின், உன்கிட்டதான் கேக்குறேன். ஏதாச்சும் வந்துச்சா?"

வெர்லின் மேஜையில் வான்கோழித் துண்டை முட்டையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தான். பன்றிக்கறி மாதிரி கோடு போட்டு, பன்றிக்கறி மாதிரி புகை காட்டி விற்கிறார்கள். வாயில் போட்டால் வான்கோழிதான்.

"என்னது?"

"என்னதுவா? தபால்காரனையா கேப்பேன்? சிட்டு."

"முட்டைமேல உக்காந்திருக்கும்."

"ஜூன்லயும் இதையேதான் சொன்ன. இப்ப ஜூலை பாதி போயாச்சு. நெருப்புக்கோழி முட்டையா போட்டிருக்கு, இன்னும் உக்காந்திருக்க?"

"வெயில் ஜாஸ்தி."

"வெயில் நெல்டா வீட்டுக்குக் கெடையாதா? அவ வேலிப்பக்கம் விர்ருன்னு சத்தம் கேக்குது. கடையில விக்கிற சிவப்புப் பொடியக் கரைச்சு ஊத்துறா அவ. வெஷம் அது. அதைக் குடிக்கப் போறதுக்கு அதுங்களுக்கு என்ன தலையெழுத்து?"

வெர்லின் எழுந்தான். தட்டைக் கொண்டுபோய்த் தானே கழுவினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தட்டை அவன் தானாகக் கழுவினால் ஏதோ மறைக்கிறான் என்று ஆர்டித்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கவனமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே. சிட்டு மட்டுமா? எக்காளப்பூக் கொடி ஆரஞ்சு ஆரஞ்சாகப் பூத்துத் தள்ளுகிறது, ஜினியா இருக்கிறது, பட்டாம்பூச்சிக்கென்றே வாங்கி வைத்த ஊதாப் பூச்செடி இருக்கிறது. ஒரு இறகு அசையவில்லை. கல்யாண மண்டபம் ஜோடித்து வைத்து மாப்பிள்ளை வீட்டார் வராத மாதிரி.

ஒன்று மட்டும் நல்லதாகப் பட்டது. கொசுவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, "இந்த வருஷம் எங்க வீட்டுல ஒரு கொசுக்கடிகூட இல்ல, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சாட்சியே சொன்னாள். காணிக்கைத் தட்டு பிடிக்கும் மூப்பர் ரானி கால்ட் அப்போது மிகவும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பக்தி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

சர்க்கரை ஆறுகிற நேரத்தில் ஆர்டித் காய்கறிப் பாத்திக்குப் போனாள். அங்கே அவளுடைய இரண்டாவது பெருமை: வெள்ளரிக்காய் ஊறுகாய். வினிகரில் வெள்ளரியும் பூண்டும், அதோடு தலை நிறைய விதை கட்டிய சதகுப்பைக் கொத்தும். மாட்டை இழந்த வெர்லினுக்கு மனசுக்குப் பிடித்துத் தின்ன மிச்சமிருப்பது அதுதான் என்று இந்த வருஷம் சதகுப்பையை இரட்டைப் பாத்தியாகவே போட்டிருந்தாள். அதில் வழக்கம்போல் சதகுப்பைப் புழு. பச்சை உடம்பில் கறுப்புக் கோடு, கோட்டுக்குள் மஞ்சள் பொட்டு. தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சுக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். ஆர்டித் சோப்புத் தண்ணீர் டப்பாவை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக உருவி உள்ளே போட்டாள். அவள் அம்மா அப்படித்தான் செய்தாள். அம்மாவும் சதகுப்பைப் புழு என்றுதான் சொல்லுவாள்.

"நாசமாப்போறதுங்க. சிட்டு வரல, பட்டாம்பூச்சி வரல, இது மட்டும் தவறாம வந்துருது" என்று டப்பாவுக்குள் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக்கூடத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து வைத்துச் சாப்பிடும்போதுதான் பேச்சு வந்தது. போதகர் மனைவி லவோன் ரொம்ப இதமாக ஆரம்பித்தாள். அந்த அம்மாள் இதமாக ஆரம்பித்தாலே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"ஆர்டித், சிட்டுச் சனிக்கிழமைக்கு உனக்குச் சிரமமா இருக்குமோன்னு பேசிக்கிட்டிருந்தோம். முழங்கால் வேற வலிக்குதுன்னு கேள்விப்பட்டேன்."

"முழங்காலுக்கும் சிட்டுக்கும் என்ன? நானா பறக்கப்போறேன்?"

"இல்ல, ஒரு வருஷம் நெல்டா வீட்டுல வெச்சுக்கிட்டா உனக்கும் ஓய்வா இருக்கும்…"

நெல்டா மக்ரோனி சாலட்டை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியை நிறுத்திவிட்டு, "நான் ஒண்ணும் கேக்கல. அவங்களா சொன்னாங்க" என்றாள். கேட்காமல் சொல்லப்படும் பதிலுக்குச் சபையில் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்.

"எங்க வீட்டுலதான் நடக்கும். பூமி தலைகீழா நின்னாலும்" என்றாள் ஆர்டித். சாப்பிடாமல் தட்டோடு குப்பையில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். வெர்லினுக்கு அங்கே ஜெல்லிகூடத் தின்ன முடியாது, அதிலும் மாட்டெலும்புச் சத்து இருக்கிறதாம். வெறும் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தவன் அவள் பின்னாலேயே எழுந்து வந்தான்.

மறுநாள் சாயங்காலம் வேலியோரம் சண்டை பிடித்தது. தெருவில் அந்த நேரத்தில் புல்வெட்டும் சத்தம் மூன்று வீட்டில் ஒரேயடியாக நின்றது என்றால் யாருக்கும் புல்லின்மேல் அக்கறை போய்விட்டது என்று அர்த்தமில்லை.

"உண்மையச் சொல்லு நெல்டா, அந்தச் செவப்புப் பொடியில என்ன கலக்குற?"

"பொடியில பொடிதான் கலக்குறேன். ஏன்?"

"என் வீட்டுச் சிட்டெல்லாம் உன் வீட்டுல கெடக்கே, அதான் ஏன்."

"எல்லாமா? ஒண்ணோ ரெண்டோ வருது ஆர்டி. அதுகூட முன்ன மாதிரி இல்ல. போன வருஷத்துல பாதி இல்ல. அதைப் போயி நான் திருடிட்டேன்னு சொல்றியா? சிட்டுக் கழுத்துல கயிறா கட்டி இழுத்தேன்?"

"மூணு வருஷமா உனக்கு என் சனிக்கிழமைமேல கண்ணு."

"உன் சனிக்கிழமையா? கர்த்தர் படைச்ச சனிக்கிழமை அது!" நெல்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாயில் இருப்பதை வைத்துக்கொள்ளத் தெரிந்தவளாக இருந்தால் அவளுக்கு ஊரில் அந்தப் பேரே வந்திருக்காது. "என் பொடியக் கேக்குற நீ, உன் கொல்லையில புதன்கெழமை காலையில யாரு மருந்தடிக்கிறான்னு கேட்டியா? ஏப்ரல்லேருந்து அடிக்கிறாரு. முதுகுல மெஷினக் கட்டிக்கிட்டு, புல்லு, செடி, மரம், ஒண்ணு பாக்கியில்ல. நீ பைபிள் வகுப்புக்குப் போன கையோட வருவாரு, நீ திரும்புறதுக்குள்ள போயிருவாரு. கள்ளப் புருஷன்கூட இவ்ளோ ஒழுங்கா நேரம் பாக்க மாட்டான்."

"யாரு?"

"உன் புருஷனக் கேளு."

ஆர்டித் கேட்கவில்லை. வெர்லினைக் கேட்டால் தட்டுக் கழுவப் போய்விடுவான். புதன்கிழமை வழக்கம்போல் பைபிளை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினாள். சபைக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு, சந்து வழியாக, வலிக்கிற முழங்காலோடு நடந்து வந்து, முன்வாசலில் புகுந்து, சமையலறைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மடியில் பைபிள். கொல்லையில் மெஷின் உறுமியது. முகமூடி, கையுறை, முதுகில் பீப்பாய், கையில் யானைத் தும்பிக்கை மாதிரி குழாயோடு ஓர் உருவம் எக்காளப்பூக் கொடிமேல் வெள்ளைப் புகையை ஊதிக்கொண்டிருந்தது. நடையைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காணிக்கைத் தட்டோடு நடக்கிற அதே நடை.

"பிரதர் கால்ட்!"

மெஷின் இரண்டு தடவை இருமி நின்றது. ரானி கால்ட் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

"சிஸ்டர் ஆர்டித்… நீங்க பைபிள் வகுப்புல இல்ல இருக்கணும்?"

"என்ன அடிக்கிறீங்க?"

"உண்ணிக்கும் கொசுவுக்கும்தான் சிஸ்டர். சிட்டுக்கு ஒண்ணும் செய்யாது. கேட்டுத்தான் வாங்கினேன்."

"சரி, சிட்டு எதைத் தின்னும்?"

"சர்க்கரைத் தண்ணிதான் நீங்க வெக்கிறீங்களே…"

"உங்க பொண்டாட்டி பிள்ளைங்கள சோடா ஊத்தியா வளத்தா? குஞ்சுக்குப் பூச்சி வேணும் பிரதர்! சிலந்தி வேணும், ஈ வேணும், கொசு வேணும்…"

"போன வாரந்தானே சிஸ்டர், எழுந்து நின்னு கொசு இல்லன்னு ஸ்தோத்திரம் பண்ணீங்க?"

ஆர்டித்தின் குரல் இன்னும் உயர்ந்தது. அந்த நேரத்தில் அவள் சொன்னதில் ஒரு பகுதியை மடியில் பைபிள் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கக் கூடாது என்று நெல்டாவே பிற்பாடு அபிப்பிராயப்பட்டாள். ரானி கால்ட் பீப்பாயோடு பக்கவாசல் வழியாக நழுவினார். மிஞ்சியவன் வெர்லின். புகையடுப்புக்குப் பக்கத்தில், நாற்காலியில்.

"ஏப்ரல்லேருந்தா?"

"ம்."

"என்கிட்டச் சொல்லணும்னு தோணலியா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

"வெர்லின், முட்டைமேல உக்காந்திருக்குன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னியே! நாக்கு கூசல?"

"என் நாக்கப் பத்திப் பேசாத ஆர்டி." அவன் குரல் உயரவில்லை. "அன்னிக்கு அது வாய் நிறைய வீங்கிக் கெடந்தப்ப நீதானே வண்டி ஓட்டின. மலை ரோட்டுல வளைவுக்கு வளைவு என் நெஞ்சுல கைய வெச்சு வெச்சுப் பாத்தியே, நான் இருக்கேனா போயிட்டேனான்னு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பேசத்தான் முடியல, கண்ணு தெரிஞ்சுது. இன்னொரு உண்ணி கடிச்சா இன்னும் மோசமாகும்னு டாக்டர் சொன்னாரு. நீயும்தானே பக்கத்துல நின்ன? புல்லுல கால் வெச்சா கணுக்கால்ல ஏதோ ஊர்ற மாதிரியே இருக்கு. ஒண்ணும் இருக்காது. ஆனா ஊரும்."

"சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? பூச்சிக்குப் பயந்துட்டேன்னா? முப்பது வருஷம் மரம் அறுத்தவன்."

"பயந்தா கால்சட்டைய இறுக்கிக் கட்டு. சாயங்காலம் என்கிட்ட உடம்பக் காட்டு, பாக்குறேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க? அதுக்காகக் கொல்லையே செத்துப்போகணுமா?"

"உன் சிட்டு போனா அடுத்த ஏப்ரல்ல வரும். என் கறி வருமா?"

"வராது வெர்லின். பொறந்த எடத்தைத் தேடித்தான் அதுங்க கடல் தாண்டி வருது. இங்க பொறக்கவே இல்லன்னா எது திரும்பி வரும்? யாரைத் தேடி வரும்?"

இரண்டு பேரும் சொல்வது சரியாக இருந்துவிட்டால் சண்டையை எப்படித்தான் முடிப்பது? கடைசியில் ஆர்டித் சொன்னாள்: "இனிமே ஒரு சொட்டு மருந்து இந்த மண்ணுல விழக்கூடாது." வெர்லின் சொன்னான்: "அப்ப இந்தப் புல்லுல நான் கால் வெக்க மாட்டேன்." "வெக்காத." அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் சிமெண்ட் தளத்தைத் தாண்டவில்லை. புல் வளர்ந்தது. அவள் தானே வெட்டப்போய் முழங்காலை இன்னும் கெடுத்துக்கொண்டாள். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், சபையில், கடையில், தபாலாபீஸில், தன் கொல்லையைப் புருஷன் கொன்ற கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு வந்து டப்பாவில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு சதகுப்பைப் பாத்திக்குப் போனாள். சிட்டு வரவில்லை. ஒருநாள் மத்தியானம் ஒன்று கொடிப்பக்கம் வந்து நின்றது போலிருந்தது, கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அது தட்டான் ஆகிவிட்டது. அந்தத் தட்டான்கூட நிற்கவில்லை. ராத்திரி அவள் முழங்காலில் ஐஸ் பை வைத்துக்கொண்டு மச்சைப் பார்த்துப் படுத்திருந்தாள், வெர்லின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

சிட்டுச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் காலை, வெர்லின் பின்வாசலிலிருந்து கூப்பிட்டான். பத்து நாளாக இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு அதிகமில்லை.

"ஆர்டி, இங்க வா. கத்தாம வா."

புகையடுப்பின் தார்ப்பாயை அவன் பாதி விலக்கியிருந்தான். மூடிக் கைப்பிடியின் அடியில், காய்ந்த சுள்ளி மாதிரி ஒரு கூடு இடுப்பில் நூல் கட்டிச் சாய்ந்து நின்றது. அது முதுகில் வெடித்திருந்தது. பக்கத்திலேயே கறுப்பாக, நனைந்த குடை மாதிரி ஒன்று தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கம் விரிந்து ஓரத்தில் மஞ்சள் பொட்டு வரிசை தெரிந்தது, அடியில் நீலம் தூவின மாதிரி ஒரு பொடி.

"ஐயோ, பட்டாம்பூச்சி!" ஆர்டித் வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்த வருஷத்துல முத பட்டாம்பூச்சி வெர்லின்! எங்கேருந்து வந்துச்சு?"

"உன் பாத்தியிலேருந்து."

"ஜினியாவுலயா?"

"சதகுப்பையில."

"சதகுப்பையில என்ன பட்டாம்பூச்சி? அதுல புழுதான் இருக்கும்."

வெர்லின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் இருப்பதில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"நாம சண்டை போட்ட அன்னிக்கு இது தரையில ஊர்ந்து வந்துச்சு. பச்சையில கறுப்புக் கோடு, மஞ்சப் பொட்டு. இந்தக் கைப்பிடில ஏறித் தொங்குச்சு. நமக்குத்தான் வேற சோலி இல்லியே, தெனம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அது சதகுப்பைப் புழு."

"ஆமா."

"அது வேற."

"வேற இல்ல ஆர்டி."

புழுதான் பட்டாம்பூச்சியாகும் என்பது ஆர்டித்துக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்துச் சுவரில் படம் போட்டு வைத்திருந்தார்கள், வண்ணம்கூடத் தீட்டியிருக்கிறாள். ஆனால் படத்துப் புழு படத்துப் புழு. இது சதகுப்பைப் புழு. அம்மா அதற்கு ஒரு பேர் வைத்துக் கொடுத்துவிட்டாள், பேருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கையால் பட்டாம்பூச்சிக்கென்று ஊதாப் பூச்செடி வாங்கி வைத்து, மறு கையால் அதன் பிள்ளைகளைச் சோப்பில் முக்கிக்கொண்டிருந்திருக்கிறாள், அம்மா காலத்திலிருந்து.

"காய்கறிப் பாத்தில மட்டும் மருந்தடிக்க வேண்டாம்னு ரானிகிட்டச் சொல்லியிருந்தேன். தின்கிற பொருளாச்சேன்னு" என்றான் வெர்லின். "அங்க மட்டும்தான் பொழைச்சுது. மிச்சத்தை நீ பாத்துக்கிட்ட."

"ஊறுகா யாருக்குப் போட்டேன்? எனக்கா?" என்றாள் ஆர்டித். "உனக்குத் தின்ன ஒண்ணுமில்லியேன்னுதானே ரெட்டைப் பாத்தியாப் போட்டேன்."

வெர்லின் தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடப்போனவன், பட்டாம்பூச்சி இருப்பதைப் பார்த்து விட்டுவிட்டான். சிறகு காய்ந்து அது கிளம்ப ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். பிறகு அது வேலிக்கு மேலே ஏறி, நெல்டா வீட்டுப் பக்கமாகவே போனது.

வெர்லின் வண்டியை எடுத்துக்கொண்டு சாமான் கடைக்குப் போய்விட்டு வந்தான். என்ன வாங்கினான் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். வராமல் இருப்பார்களா? சிட்டைப் பார்ப்பதைவிடச் சிட்டு வராததைப் பார்க்க இன்னும் சுவாரஸ்யம். நாற்காலிகள் கொல்லையைப் பார்க்கப் போட்டிருந்தன. தேநீர், காரம் தடவிய முட்டை, லவோனின் பீச் பணியாரம். ஊறுகாய் இல்லை. சதகுப்பைப் பாத்தி எலும்பாக நின்றது, ஒவ்வொரு தண்டிலும் பச்சைப் புழுக்கள் ராஜபோகமாகத் தின்றுகொண்டிருந்தன. சோப்புத் தண்ணீர் டப்பா பின்வாசல் படியில், என்ன செய்வதென்று தெரியாமல், அப்படியே இருந்தது.

"வெயில் ஜாஸ்திதான்" என்றாள் லவோன்.

"ஆமா, ஜாஸ்தி" என்றார்கள் இரண்டு பேர்.

"ஆர்டித், உன் புல்லு நல்லாத்தான் வளந்திருக்கு."

சில்வண்டு இரைந்தது. ஐஸ் கரைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நெல்டாவின் சிவப்புத் தண்ணீருக்கு மேலே விர்ரென்று ஒரு சத்தம் வந்து போனது. எல்லாரும் கேட்டார்கள், யாரும் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்தது மரியாதை. அந்த மரியாதைதான் ஆர்டித்துக்குத் தாங்கவில்லை. கடைசிக் கம்பத்துப் புட்டி காலையில் விழுந்து உடைந்திருந்தது. புதுப் புட்டியை அங்கே கொண்டுபோய் மாட்டலாம் என்று, அந்தச் சாக்கிலாவது எழுந்து நகரலாம் என்று எழுந்தாள். முழங்கால் மடங்கவில்லை.

"உக்காரு. நான் போறேன்" என்றது பின்வாசலிலிருந்து ஒரு குரல்.

வெர்லின் வந்தான். கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்து, கணுக்காலிலிருந்து பாதிக் கால் வரைக்கும் அகலமான ஒட்டுநாடாவைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தான். நாடா சிவப்பு. பள்ளிக்கூடத்துக் கால்பந்துக் குழுவின் நிறம் என்பதால் கடையில் அந்த நிறம்தான் வைத்திருப்பார்கள். சிவப்பென்றால் கண்ணைப் பறிக்கிற சிவப்பு. ஒரு பெண் வாயிலிருந்த தேநீரைத் துப்பினாள்.

"வெர்லின், தீயணைக்கப் போறியா, கால்பந்து ஆடப் போறியா?" என்றாள் நெல்டா.

"ரெண்டுல எதுக்குக் கூப்பிட்டாலும் வரேன்" என்றான் வெர்லின். முகம் வெளுத்துப்போயிருந்தது. புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிமெண்ட் தளத்தின் விளிம்பில் ஒரு கணம் நின்றான். பிறகு புல்லில் காலை வைத்தான். குளிர்ந்த ஆற்றில் இறங்குகிறவன் மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து, கடைசிக் கம்பம் வரைக்கும் போய், புட்டியை மாட்டினான். திரும்பினான். பாதி வழியில் நின்றுவிட்டான்.

விர்ரென்றது. வேலிக்கு மேலிருந்து ஒன்று இறங்கி வந்தது. பச்சை முதுகு, மாதுளைக் கழுத்து. வரிசையாகத் தொங்கிய புட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வெர்லினின் கணுக்காலுக்குப் போய், சிவப்பு நாடாவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, மூக்கால் ஒரு இடத்தில் தட்டிப் பார்த்தது. அடுத்த காலுக்குப் போனது. அங்கேயும் தட்டியது.

"ஆர்டி," வெர்லின் உதடு அசையாமல் பேசினான், கண் ஆகாசத்தில். "கால்ல என்னவோ இருக்கு."

"அசையாத! சிட்டு!"

"நிஜமாவா?"

"மூச்சு விடாத!"

சிட்டு ஏறி அவன் முகத்துக்கு நேராக வந்து ஒரு கணம் நின்றது, இத்தனை பெரிய பூவில் ஒரு சொட்டு வைக்காமல் விட்டாயே என்று கேட்பது மாதிரி. பிறகு வேலியைத் தாண்டிப் போயே போய்விட்டது.

"அது எங்க வீட்டுச் சிட்டு" என்றாள் நெல்டா.

"உங்க வீட்டுதுன்னா என் புருஷன் கால எதுக்கு மோந்து பாக்குது?" என்றாள் ஆர்டித். சிரிப்பும் எரிச்சலுமாக அவளுக்கு எது வருகிறதென்றே தெரியவில்லை. பெண்கள் கைதட்டினார்கள். ஒரே ஒரு சிட்டு, அதுவும் ஒட்டுநாடாவுக்கு வந்தது. சரி, கைதட்டத்தான் வேண்டும்.

வெர்லின் மட்டும் அதே இடத்தில் அசையாமல் நின்றான். "போயிடுச்சா? வேற ஒண்ணும் ஏறலியே?" நெற்றியில் வேர்வை. "ஊர்ற மாதிரி இருக்கு ஆர்டி. பாரேன்."

"தளத்துக்கு வா."

"முடியல. நீ பாரு."

ஆர்டித் போனாள். போகும் வழியில், கைப்பழக்கம், படியிலிருந்த சோப்புத் தண்ணீர் டப்பாவை எடுத்துக்கொண்டாள். சபைப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, வளையாத முழங்காலை வளைத்து வளைத்துப் புல்லில் மண்டியிட்டாள். வெர்லினின் காலுறை மடிப்பை ஒன்றொன்றாக விரித்தாள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய மாதிரி.

"இருக்கா?" என்றான் வெர்லின், ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டே.

இருந்தது. சிவப்பு நாடாவின் மேல் விளிம்பில், துணியைப் பிடிக்கப் போகிற இடத்தில், முதுகில் வெள்ளைப் புள்ளியோடு அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த புதன்கிழமை ரானி கால்ட் பீப்பாயோடு வந்துவிடுவார். சொல்லாவிட்டால்? ஆர்டித் நகத்தின் நுனியால் அதைக் கிள்ளி எடுத்து டப்பாவுக்குள் போட்டாள். அது அடியில் போய்க் காலை அசைத்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "அந்தக் காலக் காட்டு."

வேலிப்பக்க நாற்காலியிலிருந்து நெல்டா அதைப் பார்த்துவிட்டாள். நெல்டா பார்த்த பிறகு தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஞாயிறு ஆராதனைக்கு மணி அடிப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காணிக்கைத் தட்டோடு வந்த ரானி கால்ட் வெர்லினின் வரிசையில் கொஞ்சம் தயங்கி நின்றார், ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்டித் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தட்டை நகர்த்திக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

வெர்லின் இப்போது தினமும் சாயங்காலம் சிவப்புக் காலோடு புல்லில் நடக்கிறான். உண்ணியே இல்லாத கொல்லை என்று கடையில் சொல்லிக்கொள்கிறான். யாரும் மறுத்துப் பேசுவதில்லை.